வாக்கிங் போறாங்கல்ல, அது போதாதா?

எங்கம்மாவுக்கு 71 வயசு. போன ஆடி மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. நல்லவேளை எலும்பு எதுவும் முறியல, ஆனா தரையில இருந்து எந்திரிக்க முடியாம, நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் ரெண்டரை மணி நேரம் அந்த ஈரத்துலயே உக்காந்திருந்திருக்காங்க. தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போறவங்க அவங்க. நடக்குற காலால ஏன் எந்திரிக்க முடியலன்னு அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

பிசியோதெரபிஸ்ட் ஒரு சேரை சுவரை ஒட்டிப் போட்டு, ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்கா கட்டிக்கச் சொல்லி, 30 செகண்ட்ல எத்தனை தடவை முழுசா எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு எண்ணுனாங்க. அம்மா 5 தான். 70லருந்து 74 வயசுக்குள்ள இருக்குற பொம்பளைங்க 10க்கு கீழ எடுத்தாலே விழுற ஆபத்து இருக்குன்னு அர்த்தமாம். தொடையில சதை கரைஞ்சு போச்சு, நடை அதைத் திருப்பிக் கொடுக்காது, பாரம் கொடுத்தாத்தான் வரும்னாங்க.

அப்புறம் நானே தேடிப் படிச்சேன். உலக சுகாதார நிறுவனம் 2020லயே 65 தாண்டினவங்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷ நடை மாதிரி அசைவோட, மூணு நாளாவது பேலன்ஸுக்கும் தசை பலத்துக்கும் பயிற்சி வேணும்னு சொல்லியிருக்கு. 2019ல, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற காக்ரேன் குழு 108 ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல, உடற்பயிற்சி செய்ற பெரியவங்க விழுறது 23 சதவீதம் குறைஞ்சிருக்கு. அதுலயும் பேலன்ஸ் பயிற்சிக்குத்தான் உறுதியான ஆதாரம், வெறும் நடைக்கு அப்படி இல்ல.

நம்ம ஊர்ல பெரியவங்க உடற்பயிற்சின்னா என்ன? பார்க்ல வட்டமா ஒரு பாதை, ஓரத்துல பெயிண்ட் உதிர்ற இரும்பு மெஷின் நாலு, அதுல பிள்ளைங்க ஊஞ்சல் ஆடிட்டு இருக்கும். 2023 நவம்பர்ல எல்லா மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம்தான், மனசார சொல்றேன். ஆனா எங்கம்மா 8 கிலோமீட்டருக்கு எங்க போவாங்க? அவங்களுக்கு வேண்டியது நாலு தெரு தள்ளி ஒரு நிழல், ஒரு சேர், சொல்லிக் கொடுக்க ஒரு ஆள்.

அதனால தை மாசத்துல இருந்து எங்க காலனி பிள்ளையார் கோயில் மண்டபத்துல திங்கள் புதன் வெள்ளி நாங்களே ஆரம்பிச்சோம். காலைல பத்தரைக்கு, ஏன்னா அஞ்சரைக்கு வச்சா ஆம்பளைங்க மட்டும்தான் வருவாங்க, பொம்பளைங்க அடுப்படியில நிப்பாங்க. மொத்தம் 14 பேரு. முதல் ரெண்டு வாரம் பிசியோ வந்து ஒவ்வொருத்தருக்கும் முட்டி, பிரஷர் பாத்து என்ன செய்யலாம் என்ன கூடாதுன்னு சொன்னாங்க, இப்ப ரிட்டயர்டு பிடி வாத்தியார் ஒருத்தர் எண்ணிக்கை சொல்றாரு. சேர்ல உக்காந்து எந்திரி, சேரைப் பிடிச்சுக்கிட்டு குதிகால் தூக்கு, தரையில போட்ட கோட்டு மேல அடிக்கு அடி வச்சு நட. சேலை கொசுவத்தைத் தூக்கிச் சொருகிட்டுத்தான் ஆரம்பிக்கணும், மொத நாளே ஒரு அக்கா கால் தடுக்கப் பாத்தாங்க.

வீட்டுல தனியா செய்யச் சொன்னப்ப அம்மா நாலு நாள்ல விட்டுட்டாங்க. இங்க ஒரு நாள் வரலேன்னா பக்கத்து வீட்டு அத்தை வந்து கதவைத் தட்டுறாங்க. மனைவி போனதுலருந்து யார்கிட்டயும் பேசாம இருந்த ஒரு ஐயா, இப்ப எல்லாருக்கும் முன்னாடி வந்து சேர் எடுத்துப் போட்டு வைக்கிறாரு.

இதை ஏன் அரசாங்கம் செய்யக் கூடாது? 2021 கணிப்புப்படி தமிழ்நாட்டுல 60 தாண்டினவங்க 13.6 சதவீதம், 2031ல 18.2 ஆகும்னு சொல்றாங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல படுத்த படுக்கையா இருக்குறவங்க வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் போறாங்க, அது எத்தனையோ குடும்பத்துக்குப் பெரிய உதவி. அதே ஆள் வாரத்துல ஒரு நாள் வார்டுக்குள்ள ஒரு மண்டபத்துக்கு வந்து, உள்ளூர்ல ரெண்டு பேருக்குப் பழக்கி விட்டா, விழுறதுக்கு முன்னாடியே காலுக்குப் பலம் வந்துடுமே. இன்னொரு இரும்பு மெஷின் வாங்குற காசுல ஒரு வார்டுக்கு எத்தனை மாசம் சம்பளம் கொடுக்கலாம்னு நம்ம கவுன்சிலர்கள் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாக்கட்டும். நாங்க மனு எழுதி வச்சிருக்கோம், திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கொடுக்கப் போறோம், 14 பேரும் வர்றாங்க.

அம்மா நேத்து 11 எடுத்தாங்க.