பாடம் நடத்தும் ஆசிரியரிடம் காலாவதி பேசாதீர்கள்

ஓர் ஆங்கில ஆசிரியையின் முதுகலை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய கடிதத்தை நேற்று நான் பகிர்ந்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு "விதின்னா விதிதானே டீச்சர்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ராத்திரி முழுக்க மனசு ஆறவில்லை.

இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிற தங்கச்சி அவர். பட்டம் இருக்கிறது, புள்ளி இருக்கிறது, வகுப்பறை அனுபவம் இருக்கிறது. ஆங்கிலம் கற்பித்தலில் முதுகலை படிக்க விண்ணப்பித்தார். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு எழுதும் ஆங்கிலத் தேர்வான மூயெட்டின் முடிவு 5 ஆண்டுக்குத்தான் செல்லும், உங்களுடையது காலாவதி என்று திருப்பிவிட்டார்கள். கடிதம் வந்த அன்று காலையிலும் அவர் ஆங்கிலப் பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

"தரம் வேண்டாமா?" வேண்டும். ஆங்கில ஆசிரியர்கள் சிஇஎஃப்ஆர் என்ற ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில், மேலிருந்து இரண்டாவது படியான சி1 நிலையை எட்ட வேண்டும் என்று கல்வி அமைச்சு கேட்டபோது சரி என்றவள் நான். ஆனால் மூயெட்டின் நான்கு தாள்களும் கேட்பது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது ஆகியவற்றைத்தான் அளக்கின்றன. கற்பிப்பதை அளப்பதில்லை. முதலாம் ஆண்டில் ஒரு பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒன்றாகத் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'ஏ', 'தி' தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. மலாயில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது, நேற்று என்று சேர்த்தால் போதும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளை எங்கே தடுமாறும் என்று அந்தத் தங்கச்சிக்குத் தெரியும். முதுகலையில் ஆராய வேண்டியதே அதுதானே?

இந்த நாட்டில் அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. இளங்கலையில் 4.00க்கு 2.50 என்ற சராசரிப் புள்ளிக்குக் கீழே எடுத்தவரைக்கூட 5 ஆண்டு பணி அனுபவத்தைப் பார்த்துச் சேர்க்க இடமிருக்கிறது. இளங்கலைப் பட்டமே இல்லாமல், 30 வயதைத் தாண்டியவர், பணி அனுபவத்தில் கற்றதை எடைபோடும் ஏபெல் மதிப்பீடு வழியாக முதுகலைக்குள் வரலாம். நல்ல ஏற்பாடு. அங்கே எண்ணப்படும் அனுபவம் இங்கே மட்டும் ஏன் எண்ணப்படவில்லை?

"மறுபடியும் எழுதினால் போச்சு." எழுதுவார், தேறுவார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தினமும் செய்கிற வேலையை எதற்கு மறுபடியும் நிரூபிக்க வேண்டும்?

இன்னொருவர், எல்லாவற்றிலும் ரப்பர் தோட்டத்து வாழ்க்கையை இழுக்காதீர்கள் என்கிறார். இழுக்காமல் எப்படி இருப்பேன்? என் அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவிப் பால் எடுத்தவர். இங்கிலீசில் ஒரு கடிதம் வந்தால், படித்துச் சொல்லச் சொல்லி கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டு வாசலில் போய் நிற்பார். கிராணி குளித்து, சாப்பிட்டு வரும்வரை நிற்பார். உட்காரச் சொல்ல ஆளில்லை. பக்கத்தில் நானும் நின்றிருக்கிறேன். அந்த வாசலில் இனி எந்தப் பிள்ளையும் நிற்கக்கூடாது என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன். அந்தத் தங்கச்சியும் தோட்டத்துப் பிள்ளைதான். ஆங்கிலம் கற்றுக்கொண்டாள், கற்றும் கொடுக்கிறாள், இன்னும் வெளியேதான் நிற்க வைக்கிறார்கள். எனக்கு வலிக்கத்தான் செய்யும். வலிக்கவில்லை என்பவர்கள் விதியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

மேல்முறையீடு எழுதச் சொல்லியிருக்கிறேன். தலைமையாசிரியரிடம் பணிச்சான்று வாங்கி இணைக்கப் போகிறோம். இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட ஆசிரியர்கள் வேறு யாராவது இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். சேர்ந்தே கேட்போம்.