பொட்டாசியம் குறைந்தால் பொய் சொல்கிறாள் என்று அர்த்தமா?

நேற்றிலிருந்து எல்லாரும் பகிர்கிற அந்த டாக்டர் வீடியோவை நானும் பார்த்தேன். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, கை கால் இழுத்துக்கொண்டு வருகிற வயசுப் பெண்கள் ரகசியமாக வாந்தி எடுப்பார்களாம், இல்லையென்றால் ஒல்லியாவதற்காக, சிறுநீரை அதிகம் போகவைக்கிற நீர் மாத்திரை போடுவார்களாம், கேட்டால் பொய் சொல்வார்களாம். கீழே எத்தனை பேர் சிரித்திருக்கிறீர்கள்.

என் மகளுக்கு அப்போது 19 வயது. குறைந்தது 3.5 இருக்க வேண்டிய பொட்டாசியம் 2.4 இருந்தது. என்னை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர்கள் அவளிடம் இதையேதான் கேட்டார்கள். இல்லை என்றாள். மறுநாள் வேறொருவர் கேட்டார், அப்போதும் இல்லை என்றாள். மனநல ஆலோசனைக்கு எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து, வேறு ஊரில் ஒரு சிறுநீரக டாக்டர்தான் சிறுநீரில் குளோரைடு, அதாவது உப்பில் இருக்கிற ஒரு சத்து, எவ்வளவு என்று பார்த்தார். வாந்தி எடுப்பவர்களுக்கு அது குறைவாக இருக்கும், இவளுக்கு அதிகம். நீர் மாத்திரை கலந்திருக்கிறதா என்றும் சோதித்தார், இல்லை. ரத்தத்தில் மக்னீசியம் குறைவு, சிறுநீரில் கால்சியம் குறைவு. கடைசியில் மரபணுச் சோதனையில் கிடெல்மன் சிண்ட்ரோம் என்று உறுதியானது. தயசைடு என்கிற நீர் மாத்திரை சிறுநீரகத்தில் எந்த இடத்தை அடைக்குமோ, அந்த இடமே இவளுக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்யவில்லை. மாத்திரையே போடாமல், போட்டவள் மாதிரி ரிப்போர்ட் வரும். 1966இலேயே விவரிக்கப்பட்ட நோய் இது.

"அபூர்வ நோய், எல்லா டாக்டருக்கும் தெரியுமா" என்று வருவீர்கள். சரி, 40,000 பேரில் ஒருவருக்கு என்கிறார்கள், பெயர் தெரியாமலே இருக்கட்டும். குளோரைடு பார்க்கப் பெயர் தெரிய வேண்டுமா? கேட்டதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்கிற பிள்ளைகளும் உண்டு, அவர்களும் சிரிப்பதற்கு உரியவர்கள் இல்லை. இல்லை என்று அவள் சொன்னதை, ஒரு சோதனைகூடச் செய்யாமல் பொய்யாக்கினீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

சின்ன வயசிலிருந்தே ஊறுகாயை வெறும் வாயில் சாப்பிடுவாள், மோரில் இன்னும் உப்பு கேட்பாள், நான் திட்டுவேன். சிறுநீரில் இழந்த உப்பை அவள் உடம்பு கேட்டிருக்கிறது. நானும் அவள் அப்பாவும் சொந்தத்தில் கட்டியவர்கள். பழுதான மரபணு தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் வரும். முதலில் அவளைப் பார்த்த டாக்டர்கள் ஒருவரும் இதையெல்லாம் கேட்கவில்லை. வாந்தி எடுக்கிறாயா என்று மட்டும் கேட்டார்கள்.

அவர்களை மட்டும் சொல்லி என்ன. அன்று ராத்திரி அவள் தூங்கின பிறகு அவள் பையைத் துழாவினவள் நான். மாத்திரை ஏதும் இல்லை. அவள் தூங்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. இன்றைக்கும் காலேஜிலிருந்து வந்ததும் பையைத் திறந்து ஹாலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.