சிஓபிடி நோயாளிக்கு 95 இலக்கு அல்ல

சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் நாள்பட்டுச் சுருங்கி அடைபடும் நுரையீரல் நோய்) உள்ளவர்களுக்கு, “ஆக்ஸிமீட்டரில் (விரலில் மாட்டி ரத்த ஆக்ஸிஜன் சதவீதத்தைக் காட்டும் கருவி) 95க்குக் கீழே இறங்கினால் கான்சன்ட்ரேட்டரை (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கருவி) நிமிடத்துக்கு 5 லிட்டருக்குத் திருப்புங்கள், பிறகு வீடியோவில் டாக்டரிடம் சொன்னால் போதும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும் அபாயமுள்ள சிஓபிடி நோயாளிகளுக்கு இலக்கு 88 முதல் 92 வரைதான். அதற்கு மேல் ஏற்றினால் ரத்தத்தில் அந்த வாயு சேரலாம். ஆக்ஸிமீட்டர் அதை அளப்பதில்லை. திரையில் 97 என்று நிம்மதியாகக் காட்டும், நோயாளியோ அரைத்தூக்கத்தில் உளறிக்கொண்டிருப்பார். காலைத் தலைவலி, அளவுமீறிய தூக்கம், கை உதறல் எல்லாம் அதன் அறிகுறிகள். ரத்த வாயுப் பரிசோதனையில்தான் உறுதியாகும், வீடியோவில் முடியாது. 2010இல் வெளிவந்த டாஸ்மேனிய (ஆஸ்திரேலியா) ஆய்வில், ஆம்புலன்ஸிலேயே ஆக்ஸிஜனை 88–92க்குள் இருக்கும்படி அளந்து கொடுத்த நோயாளிகளிடம் இறப்பு குறைவாக இருந்தது.

டெல்லிக் குளிரில் இன்னொரு சிக்கல்: விரல் சில்லிட்டிருந்தால் அளவு பொய்யாகக் குறையும். நகப்பூச்சை அழித்து, கையைச் சூடாக்கி, 5 நிமிடம் உட்கார்ந்தபின், எண் நிலைத்ததும் குறியுங்கள்.

வீடியோ ஆலோசனை வீண் என்று சொல்லவில்லை. இன்ஹேலரை கேமரா முன்னால் இழுத்துக் காட்டுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே பிடிபடும். ஆக்ஸிஜனைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம், டாக்டர் எழுதிய லிட்டரிலேயே வையுங்கள். உதடு நீலமானாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, குழப்பம் வந்தாலோ வீடியோவுக்குக் காத்திருக்காமல் அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள்.