உறைபனியில் விளையாடினால் சளி பிடிக்குமா?

"ஊட்டிப் பனியில் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், குளிர் நெஞ்சில் இறங்கிச் சளியாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. வைரஸ் தொற்றாமல் வெறும் குளிர் சளியைத் தராது. அந்த வைரஸ்களில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, ரைனோவைரஸ்தான் அதிகம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் நாலு பேர் இருமினால் சுலபமாகப் பரவும். தலைக்குந்தா புல்வெளியில் விடியற்காலை உறைபனியை நகத்தால் சுரண்டி விளையாடும் பிள்ளைக்கு அந்த ஆபத்து குறைவு.

மூக்கு ஒழுகுகிறதே என்பீர்கள். உள்ளே போகும் குளிர்காற்றை ஈரப்படுத்தத்தான் மூக்கு நீர் சுரக்கிறது. வீட்டுக்குள் வந்ததும் நின்றுவிடும்.

சரி, ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம். நனைந்த சாக்ஸை உடனே மாற்றுங்கள். வீசிங் உள்ள பிள்ளைக்குக் குளிர்காற்று மூச்சிரைப்பைக் கிளப்பலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.