எல்லா விதைக்கும் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை
குளிர் மிகுந்த பகுதிகளில் எந்த விதையும் ஒரு மாதம் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பிறகே முளைக்கும் என்று ஒருவர் எழுதியிருப்பது பாதி உண்மை மட்டுமே. அதை நம்பும் தக்காளிப் பிரியர்களுக்கு ஒரு மாதம் வீணாகும். கடும் பனிக்காலத்தைக் கடந்து வசந்தத்தில் முளைக்கும்படி உறக்கநிலை கொண்ட ஆப்பிள் போன்றவற்றின் விதைகளுக்கே குளிரூட்டல் உரியது. அவற்றையும் உலர்ந்த உறையோடு உள்ளே வைப்பதால் பயனில்லை: விதை நீரை உறிஞ்சியிருந்தால்தான் குளிர் அதன் உறக்கத்தைக் கலைக்கும் என்பதால், ஈர மணலில் கலந்தோ ஈரத்தாளில் சுற்றியோ, 1 முதல் 5 டிகிரி செல்சியஸில், இனத்துக்கேற்பப் பல வாரங்கள் வைக்க வேண்டும்.

தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவை வெப்பப் பகுதிகளில் தோன்றியவை. அவற்றுக்கு வேண்டியது இளஞ்சூடு. மண்ணின் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் தக்காளி பெரும்பாலும் முளைப்பதில்லை. 21 முதல் 27 டிகிரி வரை இருந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முளை தெரியும். அறையின் வெப்பநிலையை வைத்து இதைக் கணிப்பது சரியன்று, ஏனெனில் நீர் ஆவியாவதால் ஈர மண் அறையைவிடச் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். சன்னலோரத்தில் இரவில் இன்னும் குளிரும். ஆகவே விதைத் தட்டின் அடியில் வெப்ப விரிப்பு (மின்சாரத்தால் இளஞ்சூடு தரும் பாய்) வைத்து, மண்ணில் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பது நல்லது (விரிப்புக்கும் முன்னதாக வாங்க வேண்டியது வெப்பமானி என்பேன்). முளைத்ததும் விரிப்பை எடுத்துவிட்டு, நாள்தோறும் 14 முதல் 16 மணி நேரம் விளக்கொளி தர வேண்டும். லெட்யூஸ் என்னும் சாலட் கீரைக்கு விரிப்பே வேண்டாம். அது 5 டிகிரியிலேயே மெதுவாக முளைக்கத் தொடங்கும்.