மாடா 9: தாலிபான் கட்டிய சூப்பர் காரா?

"தாலிபான்கள் ஒன்றரை வருடத்தில், எஞ்சின் உட்பட எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்து லம்போர்கினிக்குப் போட்டியாக ஒரு கார் வெளியிட்டுவிட்டார்கள்" என்று சுற்றும் பதிவு தவறு. அந்தப் பதிவின் படத்தில் இருக்கும் கறுப்பு கார் நிஜம்தான், பெயர் மாடா 9, ஆப்கானிஸ்தான் தலைநகர் காபூலில் 2023 ஜனவரியில் காட்டினார்கள். ஆனால் அதைச் செய்தது என்டாப் என்ற நிறுவனமும் அங்குள்ள தொழிற்பயிற்சிக் கல்லூரியும். சுமார் 30 பேர், ஐந்து வருட உழைப்பு. அப்படியென்றால் வேலை ஆரம்பித்ததே 2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்ப வருவதற்கு முன்னால், பழைய அரசின் காலத்தில். பிறகு ஆட்சிக்கு வந்த தாலிபான்கள் அதைத் திறந்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் எஞ்சின். அது டொயோட்டா கொரோலாவின் நாலு சிலிண்டர் எஞ்சின், மாற்றியமைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். லம்போர்கினி ஹுராகானில் இருப்பது 5.2 லிட்டர், பத்து சிலிண்டர், ஆகவே வேகத்தில் ஒப்பிடவே முடியாது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, இந்தியாவின் டிசி அவந்தி என்ற ஸ்போர்ட்ஸ் காரும் பிரெஞ்சு நிறுவனமான ரெனோவின் எஞ்சினில்தான் ஓடியது. எஞ்சினை உருவாக்க உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலை, சோதனைக்கூடம், பெரிய முதலீடு எல்லாம் வேண்டும், போரில் சிதைந்த நாட்டில் அதெல்லாம் இல்லாமலே இந்த உடலையும் சட்டகத்தையும் கட்டிய பொறியாளர்களுக்குத்தான் பாராட்டு போய்ச் சேரவேண்டும், ஆட்சியாளர்களுக்கு அல்ல.