மதிப்பிறக்கம் யாரைக் காப்பாற்றியது?
சொந்த நாணயம் இருந்தால் அதன் மதிப்பைக் குறைத்துத் தேயிலை ஏற்றுமதியைக் காப்பாற்றலாம், ஆகவே தெற்காசிய நாடுகளுக்கெல்லாம் ஒரே பொது நாணயம் வேண்டாம் என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. யாரைக் காப்பாற்றியதாம்? 2021 மார்ச்சில் இலங்கையில் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டபோது அது ஏறத்தாழ 5 டொலர். மறு ஆண்டு டொலர் 360 ரூபாயைத் தொட்டதும் அதே சம்பளம் 3 டொலருக்கும் கீழே போய்விட்டது. ஏற்றுமதியாளருக்கு டொலர் வந்தது, கொழுந்து பறித்தவருக்கு அதே ரூபாய்தான்; ரொட்டி சுடும் கோதுமை மாவோ டொலரோடு சேர்ந்து ஏறியது. அதற்காக, பொது நாணயத்துக்கு ஆதரவாக யூரோவைப் பாருங்கள் என்று மேலே பின்னூட்டம் எழுதியிருக்கும் நண்பர் பக்கமும் நான் இல்லை. யூரோவில் இருப்பதால் நாணய மதிப்பைக் குறைக்க வழியில்லாத கிரேக்கம் 2012இல் குறைந்தபட்சச் சம்பளத்தையே 22 சதவீதம் வெட்டியது. சம்பளத்தை விலைவாசியோடு இணைப்பது பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.